ரஸ்வனுக்கு ஒரு படுக்கை

— ஒண்ணு போதும்னு சொல்றேன்ல, ஸ்மாரந்தா. ஒரு கட்டில், ஒரு மெத்தை, ஒரு போர்வை, ஒரு தலையணை. செத்தவங்க பேர்ல தானம் குடுக்குற படுக்கைக்கு மூணு தலையணை வெச்சு நான் எங்கயும் பார்த்தது இல்ல.

— அவனுக்கு மூணு வேணும் அண்ணி.

— இங்க இருந்தவரைக்கும் வேணும். அங்க எதுக்கு? அங்க போனவனுக்கு ஆஸ்துமா ஏது, இழுப்பு ஏது? நெஞ்சு நிறைய காத்தை இழுத்துக்கிட்டு ராஜா மாதிரி மல்லாந்து படுத்திருப்பான்.

— நீங்க போய்ப் பார்த்துட்டு வந்தீங்களா?

— பாதிரியார் சொல்றாரு.

— பாதிரியாருக்கு என்ன தெரியும், என் பிள்ளை எப்படித் தூங்குவான்னு? ஒத்தைத் தலையணையில தலையைச் சாய்ச்சா பத்து நிமிஷத்துல எழுந்து உக்காந்துடுவான். ஒரு வருஷமா எனக்கு இதே நினைப்புதான். அங்க அவனை யாரு தூக்கி உக்கார வைக்கிறாங்கன்னு.

— சரி சரி, ஆரம்பிக்காத. மூணே வை. நாளைக்கு ஊர்ல யாராவது கேட்டா, என் தம்பி பொண்டாட்டி தாராள மனசுக்காரின்னு சொல்லிக்கிறேன். இலிங்கா, அந்த மூட்டையை இப்படி எடு கண்ணு. புதுத் தலையணை அதுலதான் இருக்கு.

— எடுத்து வெச்சாச்சு அத்தை.

— என்னடி, ரெண்டுதான் இருக்கு. மூணாவது எங்க?

— மூணாவது அவனோட பழசு அண்ணி. அதையே வெச்சுடலாம்னு இருக்கேன்.

— பழசா? தானத்துக்குப் பழசு வைப்பாங்களா? நான் சொல்றேன்ல, ஊசியிலேர்ந்து எல்லாம் புதுசா இருக்கணும். துண்டு புதுசு, கூஜா புதுசு, மெழுகுவர்த்தி புதுசு. நாளைக்கு முற்றத்துல நாப்பது பேர் நிப்பாங்க, எல்லார் கண்ணும் அந்தப் பழைய தலையணை மேலதான் விழும்.

— விழட்டும். எல்லாமே புதுசா இருந்தா அது தன்னோட படுக்கைன்னு அவனுக்கு எப்படி அடையாளம் தெரியும்? ஒண்ணாவது அவன் வாசத்தோட இருக்கட்டும்.

— என்னமோ போ. உனக்கு உங்க ஊர் வழக்கமும் தெரியாது, எங்க ஊர் வழக்கமும் தெரியாது. எங்க அந்தப் பழசு? இலிங்கா, உன்னைத்தான். உன் பின்னாடி என்ன மறைக்கிற?

— ஒண்ணும் மறைக்கல.

— குடு இப்படி. ஐயே, இந்த மூலையைப் பாரு, ஸ்மாரந்தா. எலி கடிச்சு வெச்சிருக்கு. நூல் நூலா தொங்குது. இதைப் போய் ஆண்டவர் முன்னாடி வைக்கிறதா?

— எலி இல்ல.

— பின்ன என்ன, நீ கடிச்சியா?

— தெரியல அத்தை. எலி இல்ல.

— எலி இல்லாத வீடா இது? நிலக்கரிச் சுரங்கத்துல வெடி வெச்சா அங்க இருக்குற எலியெல்லாம் நம்ம தெருவுக்குத்தான் வருது. சரி, அந்த மூலையை மடிச்சுத் தைச்சுடலாம். மொதல்ல அந்த ஜன்னலைச் சாத்து. கதவும் திறந்து கிடக்கு, ஜன்னலும் திறந்து கிடக்கு, குறுக்குக் காத்து அடிக்குது. நாளைக்குக் கழுத்தைத் திருப்ப முடியாம நிக்கப் போறேன்.

— திறந்தே இருக்கட்டும் அண்ணி.

— டிசம்பர் மாசம்.

— டாக்டரம்மா சொன்னாங்க, அறையில காத்து வரணும்னு. அவன் இருந்தப்போ ஒரு நாள்கூடத் திறக்க விடல நீங்க.

— ஆமா, விடல. குறுக்குக் காத்துல படுத்துத்தான் எங்க சித்தப்பாவுக்கு வாய் கோணிப் போச்சு, ஊரே பார்த்துச்சு. வெளிய என்ன, மலைக் காத்தா வருது? நிலக்கரித் தூசியும் சாம்பலும்தான் வருது. காலையில காயப் போட்ட சட்டை மத்தியானம் மூஞ்சி கறுத்து நிக்குது. அந்தக் காத்தைத் திறந்து விட்டா பிள்ளைக்கு நல்லதுன்னு எந்த டாக்டரம்மா சொன்னா?

— உங்க வாத்து இறகுப் போர்வையையும் எடுக்கச் சொன்னாங்க.

— எடுத்துட்டியே. எடுத்தியா இல்லையா? ரெண்டு குளிர்காலம் உக்காந்து ஒவ்வொரு இறகா காம்பு கிள்ளி அவனுக்குன்னு நிரப்பினேன். எங்க வீட்டுல மூணு தலைமுறை அந்த மாதிரிப் போர்வையிலதான் தூங்குச்சு, ஒருத்தருக்கும் இழுப்பு வரல. சரி விடு. இப்போ அதைப் பேசி என்ன.

— ஆமா. இப்போ பேசி என்ன.

— அடுப்புல இன்னும் ரெண்டு கரி போடட்டுமா? விரல் விறைக்குது.

— போதும் அண்ணி. சுவர் இன்னும் சூடாத்தான் இருக்கு.

— எங்கப்பா கட்டினது இந்த அடுப்புச் சுவர். அவர் இருந்தப்போ ஊரே வந்து பார்த்துட்டுப் போகும். அந்தப் பக்கம் சமையலறையில கரி போட்டா இந்தப் பக்கம் அறையும் சூடாகும். நானும் உன் புருஷனும் சின்னதுல இந்தப் பக்கம்தான் படுத்திருப்போம். அந்தப் பக்கம் எங்கம்மாகிட்ட எங்கப்பா வாங்குற திட்டு ஒண்ணு விடாம கேக்கும். புகைக்குழாய் வழியா வருமாம், எங்கப்பா சொல்வாரு. மரின் தலையணையை வாய்ல வெச்சு அமுக்கிக்கிட்டுச் சிரிப்பான். சிரிப்புச் சத்தம் அந்தப் பக்கம் போயிடக்கூடாதுன்னு.

— மரின் எங்க வந்துக்கிட்டு இருக்காராம்?

— பஸ் ஹங்கேரி எல்லையில நிக்குதாம். இப்பத்தான் பேசினான். விடியக்காலம் வந்துடுவான். இத்தாலியில ஆரஞ்சுப் பழத் தோட்டத்துல நாலு நாள்தான் லீவு விட்டாங்களாம். அவன் குரலே சரியில்ல. போன வருஷம் சவப்பெட்டியை மூடினதுக்கு அப்புறம் வந்து நின்னான் பாரு, அது அவன் மனசை விட்டுப் போகல.

— எனக்கும் போகல.

— சரி, நாளைக்கு நடக்க வேண்டியதை ஒரு தடவை சொல்றேன், ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. கோயில்ல பூசை முடிஞ்சு எல்லாரும் இங்க வந்துடுவாங்க. படுக்கை முற்றத்துல வால்நட் மரத்தடியில விரிச்சுத் தயாரா இருக்கணும். பாதிரியார் தூபம் காட்டிச் சுத்தி வருவாரு. அப்புறம் அலின் வருவான். கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்குற அலின். பாவம், அந்த வீட்டுல அஞ்சு பிள்ளைங்க, ஒரு கட்டில்ல மூணு பேர் தலைமாடு கால்மாடா கிடக்குறாங்க. அவன் கையைப் பிடிச்சு மெத்தை மேல வெச்சு, இது இங்க உனக்கு, அங்க ரஸ்வனுக்குன்னு சொல்லணும். அவன், ஆண்டவர் அவனை மன்னிக்கட்டும்னு சொல்வான். அப்புறம் ஒரு தடவை அதுல படுத்து எழுந்திருப்பான். அவ்வளவுதான்.

— ஒன்பது வயசுப் பையனை மன்னிக்க என்ன இருக்கு அத்தை?

— அது சொல்ற வழக்கம்டி. எண்பது வயசானாலும் அதைத்தான் சொல்வாங்க, எட்டு நாள் குழந்தைன்னாலும் அதைத்தான் சொல்வாங்க.

— அதுக்கு இல்ல. கேட்டேன்.

— கேக்குறது இருக்கட்டும். கையைப் பிடிச்சுக் குடுக்கப் போறது யாரு? முறைப்படி பெத்தவதான் குடுக்கணும். உங்கம்மா மாட்டேன்னுட்டா.

— என்னால நிக்க முடியாது அண்ணி. மயங்கி விழுந்துடுவேன். இலிங்கா குடுக்கட்டும். ஒரே அறையில பக்கத்துப் பக்கத்துல படுத்துக் கிடந்ததுங்க.

— நான் குடுக்க மாட்டேன்.

— என்னது?

— நான் குடுக்க மாட்டேன் அத்தை. வேணும்னா கட்டிலைத் தூக்கிட்டுப் போய் வைக்கிறேன். கையைப் பிடிக்கிறது, சொல்றது, அதெல்லாம் என்னால ஆகாது.

— பாரு ஸ்மாரந்தா, இவளை. அம்மாவும் மாட்டா, மகளும் மாட்டா. அப்போ நான்தான் குடுக்கணுமா? அத்தை குடுத்தா போய்ச் சேராதுடி. அந்தப் பிள்ளை அங்க வெறும் தரையில கிடப்பான். ஒரு வருஷமா கிடக்குறது போதாதா?

— அண்ணி, நாளைக்குப் படைக்கிற கோதுமை அடுப்புல வேகுது.

— ஐயையோ, ஆமா. அடிப் பிடிச்சா நாளைக்கு ஊர் வாயில விழணும். வால்நட் அரைச்சாச்சா? வண்ண மிட்டாய் எங்க? வெந்த கோதுமை மேல சிலுவை போட மிட்டாய் வேணுமே. போன தடவை எங்கப்பா திவசத்துல ரஸ்வன் பண்ணினது ஞாபகம் இருக்கா? பாதிரியார் ஜெபம் சொல்லி முடிக்கிறதுக்குள்ள சிலுவையில ஒரு கையைக் காணோம். தின்னுட்டு மேசைக்கு அடியிலயே தூங்கிட்டான், தூங்குமூஞ்சி. எங்க உக்காந்தாலும் தூக்கம் அவனுக்கு. சோத்துத் தட்டுல தூங்குவான், பஸ்ல தூங்குவான், கோயில்ல நின்னுக்கிட்டே தூங்குவான். சரி, நான் போறேன். நான் வர்றதுக்குள்ள ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்க.

— போயிட்டாங்களா?

— போயிட்டாங்க. உறைக்குள்ள இதைத் திணி. அந்த மூலையைப் பிடி. இலிங்கா, என்னாச்சு உனக்கு? ஏன் மாட்டேங்கிற?

— நீ ஏன் மாட்டேங்கிற?

— சொன்னேனே. மயக்கம் வரும்.

— எனக்கும் வரும்.

— உனக்கு வராது. உனக்குப் பதினாலு வயசு. இதெல்லாம் உன் தம்பிக்காகத்தானே. அவன் நிம்மதியாத் தூங்கட்டும்னுதானே.

— அவன் நிம்மதியாத் தூங்கினான்னு யாரு சொன்னா?

— யாரும் சொல்லல. தூங்கட்டும்னுதான் சொல்றேன்.

— வாத்தியாரம்மா உன்னைக் கூப்பிட்டாங்களே பள்ளிக்கூடத்துக்கு. ரெண்டாவது பாடத்துலயே தலையை மேசையில வெச்சுத் தூங்குறான்னு. அன்னைக்கு நீ அவனை அடிச்சே.

— அடிச்சேன். ராத்திரி பூரா போர்வைக்குள்ள ஃபோன் பார்க்கிறான்னு அவங்க சொன்னாங்க. ஒரு ராத்திரி நானே அந்த வெளிச்சத்தைப் பார்த்தேன். அதனாலதான் ஃபோனைப் பிடுங்கி வெச்சேன்.

— அவன் எதுவும் பார்க்கல. அந்தப் பாம்பு விளையாட்டைத்தான் விளையாடுவான், சத்தத்தை அணைச்சுட்டு. படுத்தா மூச்சு முட்டும். உக்காந்தே விடியணும். இருட்டுல சும்மா உக்காந்திருக்கப் பயம் அவனுக்கு. நீ பிடுங்கினதுக்கு அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்து ஆலைப் புகைக்கூண்டு மேல இருக்குற சிவப்பு விளக்கைப் பார்த்துக்கிட்டு இருப்பான். எத்தனை தடவை மினுக்குதுன்னு சொல்வான் என்கிட்ட.

— தினமுமா?

— கிட்டத்தட்ட தினமும்.

— நோட்டுல அப்படி இல்லையே.

— நோட்டுல எப்படி இருக்கும்? அதுல வரைஞ்சது நான்தானே.

— இலிங்கா.

— டாக்டரம்மா உன்கிட்டதான் குடுத்தாங்க அதை. ஒவ்வொரு நாளும் ஒரு கட்டம். பிள்ளை நல்லாத் தூங்கினா சிரிக்கிற முகம், நடுவுல எழுந்தா நேர் கோட்டு வாய், தூங்கவே இல்லேன்னா அழுகிற முகம். காலையில எழுந்ததும் வரையணும். நீதான், நாலரை மணிக்கே கேன்டீன் வேலைக்கு பஸ் பிடிக்க ஓடணும், பக்கத்துல படுக்கிறவ நீ, நீயே வரைஞ்சுடுன்னு என்கிட்ட குடுத்தே.

— குடுத்தேன்.

— முதல் வாரம் ஒழுங்காத்தான் வரைஞ்சேன். நாலு அழுகை, மூணு நேர் கோடு. நீ எடுத்துட்டுப் போனே. டாக்டரம்மா பார்த்துட்டு என்ன சொன்னாங்க, ஞாபகம் இருக்கா?

— இப்படியே இன்னொரு மாசம் போனா மலை மேல இருக்குற குழந்தைங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம்னு. மூணு மாசம் அங்க இருக்கட்டும், நல்ல காத்து, ராத்திரியில நர்ஸ் பார்த்துக்குவாங்கன்னு.

— நீ வந்து சொன்னப்போ அவன் சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். விளக்கை அணைச்சதும் என் கட்டிலுக்கு வந்துட்டான். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாப் பாடப் போற கூட்டத்துல அவனுக்குத்தான் நட்சத்திரம் தூக்குற முறை. மூணு வருஷம் கூடவே நடந்துட்டு அப்பத்தான் அவன் கைக்கு வருது. தங்கக் காகிதம் எல்லாம் ஒட்டி வெச்சிருந்தான். மூணு மாசம்னா கிறிஸ்துமஸ் போயிடும். இலிங்கா, கிறிஸ்துமஸ் வரைக்கும் மட்டும் சிரிக்கிற முகம் வரைஞ்சுடு, அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் அழுகிற முகம் வரைஞ்சுக்கோன்னு சொன்னான். பதிலுக்கு என் கோழிக்கூட்டு வேலை எல்லாம் அவன் பண்றதாச் சொன்னான்.

— அதனாலதான் கோழிக்கூட்டை அவன் கழுவினானா?

— ஆமா. தூசியில நிக்கக் கூடாதுன்னு தெரிஞ்சும் விட்டேன்.

— அவன் சொன்னா நீ கேக்கணுமா? பதிமூணு வயசு உனக்கு.

— எனக்கும் அவன் போகக்கூடாதுன்னு இருந்துச்சு. நீயும் வேலைக்குப் போயிடுவே, அப்பாவும் இல்ல. இந்த வீட்டுல நான் தனியா இருக்கணும். அப்புறம் அவனே வழி கண்டுபிடிச்சான். சத்தம் கேட்டா நீ வந்துடுவியோன்னு மூணாவது தலையணையை மடியில வெச்சுக்கிட்டு, இருமல் வர்றப்பல்லாம் அந்த மூலையைக் கடிச்சுக்கிட்டு அதுக்குள்ளயே இருமுவான். அத்தை எலின்னு சொன்னாங்களே. அது அவன் பல்லு.

— இங்க குடு அதை.

— துவைக்காதே. நான் துவைக்க விடல இத்தனை நாளும்.

— துவைக்கல. குடு.

— முப்பது கட்டம், அம்மா. ஒரு மாசம் பூரா சிரிக்கிற முகம். டாக்டரம்மா பார்த்துட்டு மருந்தைக் குறைச்சாங்கன்னு நீ சந்தோஷமா வந்து சொன்னே. காலையும் ராத்திரியும் இழுக்குற இன்ஹேலரைக் காலையில மட்டும் போதும்னுட்டாங்கன்னு. அன்னைக்கு ஜாம் வெச்ச பன்கேக் எல்லாம் சுட்டே நீ. ரஸ்வன் என்னைப் பார்த்து ஒரு கண்ணை மூடினான். என் பங்கையும் அவன் தட்டுல வெச்சுட்டேன். சொல்லிடலாம்னு வந்தேன். நீ பாட்டு பாடிக்கிட்டு அடுப்புத் துடைச்சுக்கிட்டு இருந்தே. அப்பா போனதுக்கு அப்புறம் நீ பாடி அன்னைக்குத்தான் கேட்டேன். சொல்லல.

— கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாப்பது நாள்னு கணக்கு போட்டேன் நான் அன்னைக்கு. நாப்பது நாள்ல உங்கப்பா வந்துடுவாரு, பிள்ளையும் தேறிடுவான்னு.

— இன்னும் இருக்கு. முழுசாக் கேளு.

— சொல்லு.

— அந்தக் கடைசி ராத்திரி. மறுநாள் எனக்குக் கணக்குப் பரீட்சை. அவன் என்னை எழுப்பினான். இலிங்கா, முதுகுல தட்டு, உள்ள ஏதோ அடைக்குதுன்னான். எத்தனை மணின்னு தெரியல. தினமும் இதேதானா, ஒரு ராத்திரியாவது என்னைத் தூங்க விடுடா, நீயும் தூங்காம நானும் தூங்காம இருக்கணுமான்னு கத்தினேன். கத்தினதுகூட மெதுவாத்தான், உனக்குக் கேட்டுடக் கூடாதுன்னு. சரி, நீ தூங்குன்னான். நான் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துட்டேன்.

— ம்.

— கொஞ்ச நேரம் விசில் மாதிரி கேட்டுச்சு. இருமலும் கேட்டுச்சு, தலையணைக்குள்ள. அப்புறம் எதுவும் இல்ல. அப்பாடான்னு இருந்துச்சு. எத்தனையோ மாசம் கழிச்சு அன்னைக்குத்தான் நான் விடியிற வரைக்கும் முழிக்காமத் தூங்கினேன்.

— இலிங்கா, இங்க வா.

— இரு, இன்னும் முடியல. காலையில எழுந்து பார்த்தேன். சாய்ஞ்சு உக்காந்த மேனிக்கே கண்ணை மூடிக்கிட்டு இருந்தான். எவ்வளவு அழகாத் தூங்குறான், எழுப்ப வேண்டாம், கோழிக்கு இன்னைக்கு நானே போடலாம்னு நினைச்சேன். நோட்டை எடுத்தேன். சிரிக்கிற முகம் வரைஞ்சேன். கன்னத்துல ரெண்டு வட்டம் எல்லாம் போட்டு நல்லா வரைஞ்சேன், ஏன்னா அந்த ஒண்ணு மட்டும்தான் பொய் இல்லைன்னு நினைச்சேன். அதுக்கு அப்புறம்தான் அவன் தோளைத் தொட்டேன்.

— போதும்டி கண்ணு. போதும்.

— இப்போ சொல்லு. அலின் கையைப் பிடிச்சுக்கிட்டு நான் எப்படிச் சொல்றது, இந்தத் தூக்கம் ரஸ்வனுக்குன்னு? அவன் தூக்கத்தை எடுத்துத் தூங்கினவ நான். எல்லார் முன்னாடியும் வாய் வராது. அப்பா முன்னாடி வரவே வராது.

— அதுக்காகத்தான் ஒரு வருஷமா நீ அவன் கட்டில்ல உக்காந்தே தூங்குறியா?

— பார்த்தியா நீ?

— பார்த்தேன். தினமும் வந்து பார்ப்பேன். இப்போ தினமும் வரேன்.

— நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருப்பேன். நீ வந்தது தெரியவே இல்லையே.

— வாசல்லயே நின்னுட்டுப் போயிடுவேன். இந்தா, இந்தத் தலையணையை அடியில வைக்காதே, நடுவுல வை. அவன் அப்படித்தான் வெச்சுக்குவான். நாளைக்கு நீயே குடு, இலிங்கா.

— இவ்வளவு சொன்னதுக்கு அப்புறமும் என்னையே குடுக்கச் சொல்றியே. நான் சொன்னது உன் காதுல விழுந்துச்சா இல்லையா?

— விழுந்துச்சு. ஒவ்வொண்ணும் விழுந்துச்சு.

— அப்போ நீ குடு. நீ அவனை அடிச்சதுகூட அந்த நோட்டு நிஜம்னு நம்பினதாலதான். உன் மேல தப்பு இல்ல.

— நோட்டை டாக்டரம்மா மேசையில கொண்டு போய் வெச்சது யாரு?

— நீதான். ஆனா உனக்குத் தெரியாதே.

— அவங்க பக்கத்தைப் புரட்டிப் பார்த்துட்டு கண்ணாடியைக் கழட்டினாங்க. இது சரிதானா அம்மா, ஒரே மாசத்துல இவ்வளவு மாற்றமான்னு கேட்டாங்க. நான் பையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டேன். மறுபடியும் கேட்டாங்க, நீங்களே ராத்திரியில பார்த்தீங்களான்னு. பார்த்தேன்னு தலையை ஆட்டினேன்.

— நீ எங்க பார்த்தே? நீ சமையலறையிலதானே படுப்பே.

— உங்க அத்தை இப்போ என்ன சொல்லிட்டுப் போனா, இந்தச் சுவரைப் பத்தி?

— அம்மா.

— என் கட்டில் இந்த அடுப்புக்கு அந்தப் பக்கம்தானே கிடக்கு. வாயைத் தலையணையில அமுக்கினாலும் கேக்கும்டி. நீ கத்தினதும் கேட்டுச்சு.

— அப்போ ஏன் வரல?

— முதல்ல எல்லாம் வந்தேன். வந்தா ரெண்டு பேரும் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுக் கிடப்பீங்க. அவன் இமை துடிச்சுக்கிட்டே இருக்கும். நடிக்கிறான்னு தெரியும். நடிக்கட்டும், அவ்வளவுக்குத் தெம்பு இருக்குன்னா சரியாத்தான் இருக்கான்னு திரும்பிப் போயிடுவேன். மலை மேல அனுப்பினா அவனோட யாராவது போகணும், கேன்டீன்ல என் இடத்துக்கு வேற ஆள் வந்துடுவா. அதுகூடப் பரவாயில்ல. இந்தக் கட்டில் மூணு மாசம் காலியாக் கிடக்குறதைப் பார்க்க என்னால ஆகாதுன்னு இருந்துச்சு. நோட்டைப் பிரிச்சுப் பார்த்தேன், முகம் எல்லாம் சிரிச்சுது. அதுங்க சிரிச்சது எனக்கும் வசதியா இருந்துச்சு.

— நீ என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. ஒரே ஒரு வார்த்தை.

— கேட்டா நீ சொல்லிடுவியோன்னுதான் கேக்கல. அப்புறம் எழுந்து வர்றதையும் விட்டுட்டேன். படுத்துக்கிட்டே அவன் இருமுறதை எண்ணுவேன். இருபதைத் தாண்டினா எழுந்து போகணும், தாண்டலேன்னா தூங்கிடணும்னு எனக்கு நானே ஒரு வரம்பு போட்டுக்கிட்டேன். நாலரை மணிக்கு பஸ்.

— அன்னைக்கு ராத்திரி எத்தனை?

— பதினொண்ணு. அப்புறம் நின்னுடுச்சு. பிள்ளை தூங்கிட்டான், இன்னைக்கு இருபது வரைக்கும்கூடப் போகலன்னு நானும் திரும்பிப் படுத்தேன்.